தச்சன் உளியும் தலைநகர்க் கண்காட்சியும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவர்க்கு எடுத்துரைக்க வந்த ஔவையார், அவனை வேங்கைக்கோ வேழத்துக்கோ ஒப்பிடவில்லை. ஒரு தேர்க்காலுக்கு ஒப்பிட்டார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் தம் தலைவன் என்றார். புறநானூற்றின் 87ஆம் பாட்டு உணர்த்தும் இவ்வுவமை, வீரத்தைப் பற்றியதாயினும், கைவினையைப் பற்றிய ஆழ்ந்த உண்மை ஒன்றையும் தன்னகத்தே கொண்டுள்ளது. விரைந்து செய்யும் ஆற்றல் ஒன்று. விரையாது செய்யும் உறுதி மற்றொன்று. முன்னது தச்சனின் கைத்திறம். பின்னதோ, அவனுக்கு அத்துணைக் காலத்தையும் தந்து காத்திருந்த சமுதாயத்தின் பண்பு.

அந்தக் காலத்தை இன்று தச்சனுக்குத் தருவார் யார்? இவ்வினா பழந்தமிழகத்தோடு முடிந்துவிடவில்லை. நாம் வாழும் தில்லி மாநகரிலேயே, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன், இந்தியத் துணைக்கண்டத்தின் தச்சுக் கலை முழுவதையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்து இவ்வினாவுக்கு விடைகாண முயன்றனர். அம்முயற்சி எவ்வாறு அமைந்தது, எங்கே தவறியது, அதிலிருந்து நாம் கற்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பண்டைத் தமிழகத்துக் கட்டில்

மரவேலைப்பாடு பற்றிய பழஞ்சான்றுகளைத் தேடுவோர்க்கு நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை ஒரு களஞ்சியம். அரசி துயிலாது வருந்தும் கட்டிலை அப்புலவர் ஒரு தச்சனின் கண்கொண்டு பார்க்கிறார். நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிட்டு வீழ்ந்த யானையின் கொம்பு அதன் மூலப்பொருள். கைவல்லான் ஒருவன் கூரிய உளியால் குடைந்த இலைவடிவம் அதன் ஒப்பனை. கட்டிற்கால் மேலே குடம்போல் திரண்டு, அடியிலே உள்ளிப்பூண்டின் வடிவாக முடிகின்றது. இன்றும் பழைய வீடுகளில் காணும் கடைசல் கால்களைக் கூர்ந்து நோக்குவோர் அதே குடத்தையும் அதே உள்ளியையும் அவற்றில் காணலாம். ஒப்பனை வடிவங்கள் வானிலிருந்து இறங்கியவை அல்ல. அடுக்களையிலும் கழனியிலும் அன்றாடம் கண்ட பொருள்களே தச்சன் கையில் அழகாயின.

மற்றொன்றும் கருதத்தக்கது. தமிழர் இல்லங்களில் இருக்கை வகைகள் மிகுதியாக இருந்ததில்லை. தரையில் பாய் விரித்து அமர்ந்தோம், மணையிட்டு உண்டோம். முற்றத்தை அடுத்த கூடத்தில் ஊஞ்சற் பலகை, களஞ்சியத்தில் நெற்பத்தாயம், வணிகர் முன்னே சாய்வான மூடியுடைய கணக்குப் பெட்டி, குழந்தைக்குத் தொட்டில், மூலையில் ஒரு முக்காலி. அவ்வளவே. ஆகவே தச்சனின் கலை, நகர்த்தி வைக்கும் சாமான்களைவிட, நிலைத்து நிற்கும் உறுப்புகளிலேயே மிகுதியாக மலர்ந்தது. வாயில் நிலை, கதவு, தூணின் மேல் அமரும் போதிகை, உத்தரம், கோயில் தேர், சாமி வாகனம் ஆகியவையே அவன் உளிக்கு உரிய களங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தலைவாயிலில் திருமகளும் யாழியும் கொடியும் நெருங்கி நிற்பதும், இருக்கைகள் எளிமையாக இருப்பதும் இக்காரணத்தாலேயே. எதற்கு எவ்வளவு அணி தகும் என்னும் அளவுணர்ச்சி மரபோடு பிணைந்திருந்தது.

நாற்காலி வந்த கதை

ஐரோப்பியர் வருகையோடு மேசையும் நாற்காலியும் நிலைப்பேழையும் நம் நாட்டுக்கு வந்தன. பம்பாயில் தோதகத்தி மரத்தில் நுணுக்கச் செதுக்கு வேலையோடு கூடிய சோபாக்களும், விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்த பெட்டிகளும் மேசைகளும், தில்லிக்கு வடக்கே சகாரன்பூரில் சீசம் மரத்தில் திராட்சைக் கொடி படர்ந்த திரைகளும் சிறு மேசைகளும் செய்யப்பட்டன. வாங்கியோர் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளும், அவர்தம் வாழ்க்கை முறையை மேற்கொண்ட செல்வர்களும் ஆவர்.

இம்மாற்றத்தின் உச்சமாக ஒன்றைச் சுட்டலாம். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசியார்க்கு ஒரு தந்த அரியணையை அனுப்பினார். அதன் அமைப்பு ஐரோப்பிய அரியணையின் அமைப்பு. அதன்மேல் படர்ந்த செதுக்கு வேலையோ தென்னாட்டுக் கைவண்ணம். கண்காட்சியின் நிறைவு விழாவில் அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதன்மீது வீற்றிருந்தார். நம் கலைஞரின் திறம் உலகின் கண்முன் பெருமையுற்றது உண்மை. ஆயினும் அதே வேளையில் ஒரு பிரிவும் நிகழ்ந்தது. உடல் ஓரிடத்திலிருந்தும் அணி பிறிதோரிடத்திலிருந்தும் வந்து ஒட்டப்பட்டன. வாயில் நிலையிலும் தேர்த்தட்டிலும் பொருளோடு நின்ற உருவங்கள், நாற்காலியின் முதுகில் ஏறியபோது வெறும் அலங்காரமாயின. சாய்ந்தால் குத்தும் யாழியைச் செய்தவன் குற்றவாளியல்லன். அதனைக் கேட்டு வாங்கிய சுவையே வழிதவறியது.

குதுசியா தோட்டத்துக் கண்காட்சி

ஏழாம் எட்வர்டு மன்னர் முடிசூடியதைக் கொண்டாட 1903 சனவரி முதல் நாளன்று தில்லியில் தர்பார் கூட்டப்பட்டது. அதற்கு இரு நாள் முன்னர், 1902 திசம்பர் 30 அன்று, காசுமீர வாயிலுக்கு வெளியே குதுசியா தோட்டத்தில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்றை வைசிராய் கர்சன் பிரபு திறந்து வைத்தார். மொகலாயப் பேரரசர் அகமது சாவின் அன்னை குதுசியா பேகம் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த தோட்டம் அது. அன்று தில்லி தலைநகர் அன்று. அவ்வறிவிப்பு 1911இல்தான் வந்தது. ஆயினும் இந்தியக் கைவினைகளின் தலைநகராக அது சில வாரங்கள் விளங்கியது.

கண்காட்சியின் இயக்குநர் சர் சார்ச் வாட். இந்தியாவின் விளைபொருள்களைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட பேரகராதியைத் தொகுத்த அறிஞர் அவர். அவருக்குத் துணையாக நின்றவர், பிற்காலத்தில் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற பெர்சி பிரவுன். உலோகம், கல், மண், மரம், தந்தம், அரக்கு, துணி, பூத்தையல், கம்பளம் எனக் கலைகளைப் பொருள்வாரியாக வகுத்து அடுக்கினர். 'தில்லியில் இந்தியக் கலை' என்னும் பெயரில் வாட் வெளியிட்ட விரிவான பட்டியல் நூல், இன்றும் ஆய்வாளர்க்கு இன்றியமையாத கருவியாக உள்ளது. அதே ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் தென்னிந்திய மரச்செதுக்கு பற்றித் தனி நூல் எழுதியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கர்சன் விதித்த கட்டளை கடுமையானது: ஐரோப்பியச் சாயல் படிந்த எதுவும் கண்காட்சிக்குள் நுழையலாகாது, இம்மண்ணின் எண்ணத்தையும் மரபையும் காட்டுவனவே இடம்பெற வேண்டும். தம் திறப்புரையில் அவர் இந்திய அரசர்களை நோக்கியே குறை கூறினார். இலண்டன் தோட்டென்காம் கோர்ட் சாலைக் கடைகளின் மலிவான சாமான்களாலும், பிரசெல்சுக் கம்பளங்களாலும், இத்தாலியப் பதிகற்களாலும் அரண்மனைகளை நிரப்புவோர், தம் நாட்டுக் கைவினைஞரைக் கைவிட்டனர் என்பது அவர் வாதம். இந்தியக் கலை வாழ வேண்டுமாயின் இந்தியச் செல்வரே அதனைப் புரக்க வேண்டும் என்றார்.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டென்பதை நாம் மறுத்தற்கில்லை. புரவலர் முகம் திருப்பிய கலை வாடும். ஆனால் மற்றப் பாதியை அவர் சொல்லாது விடுத்தார். ஆங்கில முறைமையே உயர்வென்று அரசர்களுக்குக் கற்பித்தவர் யார்? ஆங்கில ஆசிரியரிடம் பயின்று, வைசிராயின் பிரதிநிதிகளை வரவேற்கும் கூடங்களை அவர் மனம் உவக்க அமைக்க வேண்டிய நிலையிலிருந்த ஒருவன், வேறெந்தக் கடையைத் தேடியிருப்பான்? நோயை உண்டாக்கியவர் மருந்தைப் பற்றி உரையாற்றிய காட்சி அது எனின் மிகையாகாது.

கண்காட்சியில் கருத்தை ஈர்த்த பகுதிகளுள் ஒன்று, பஞ்சாப், பம்பாய், சென்னை, பர்மா என நான்கு மரபுகளில் அமைத்துக் காட்டப்பட்ட அறைகள் ஆகும். இந்திய ஒப்பனை மரபுகள் அக்கால வீட்டு வாழ்க்கைக்கும் பொருந்தும் என்று மெய்ப்பிப்பதே அவற்றின் நோக்கம். சீசமும் தேவதாருவும் பஞ்சாபியர்க்கும், தேக்கு பர்மியர்க்கும் தென்னாட்டவர்க்கும் கைவந்த மரங்கள். மரத்தின் தன்மையே பாணியை வகுக்கின்றது என்பதை இவ்வறைகளை ஒருங்கே கண்டோர் உணர்ந்திருத்தல் கூடும். மென்மையான தேவதாருவில் சிறு துண்டுகளைக் கோத்துப் பின்னும் பிஞ்சரா வேலை எளிது. கெட்டியான சீசத்தில் நுண்கொடி நிலைக்கும். இழை நேரோடும் தேக்கில் ஆழமாகக் குடைந்து உருவங்களைப் புடைத்தெழச் செய்யலாம்.

பண்டை மரபைப் போற்றும் இந்நோக்கம் பாராட்டத்தக்கதே. எனினும் அவ்வறைகள் யாருடைய வாழ்க்கைக்கு அமைந்தவை? மணையும் ஊஞ்சலும் பாயும் உடைய குடும்பத்துக்கு அல்ல. விருந்தினரை நாற்காலியில் அமர்த்தும் இல்லத்துக்கே. கைவினைஞர் தம் கருவிகளோடு கண்காட்சியிலேயே அமர்ந்து வேலை செய்துகாட்டினர். அவர்தம் கையை உலகம் வியந்தது. அவர்தம் வீட்டைப் பற்றி உலகம் வினவவில்லை. நம் முதல் வினாவுக்கு இக்கண்காட்சி அரைவிடை மட்டுமே தந்தது: செல்வர் வாங்கினால் கலை வாழும் என்றது, சமுதாயம் அதனோடு வாழ்ந்தாலன்றி அது நில்லாது என்பதைக் காணத் தவறியது.

ஆனந்த குமாரசாமி காட்டிய வழி

அந்த மறுபாதியைச் சொன்னவர் ஒரு தமிழர் மகன் என்பது நமக்குப் பெருமிதம் தருவது. 1877இல் கொழும்பில், ஈழத் தமிழரான சர் முத்துக் குமாரசாமிக்கும் ஆங்கில அன்னைக்கும் பிறந்தவர் ஆனந்த குமாரசாமி. நிலவியல் பயின்று இலங்கையின் கனிமங்களை ஆராய வந்தவர், ஊர்தோறும் நலிந்துவந்த கைத்தொழில்களைக் கண்டு, தம் வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்டார்.

அக்காலத்து இங்கிலாந்திலும் இதே கவலை இருந்தது. ஆலைப் பொருள்களின் வெள்ளத்தில் கைவினை மூழ்குவதைக் கண்டு ரசுகினும் வில்லியம் மோரிசும் குரலெழுப்பினர். அவர்கள் வழிவந்த ஆஷ்பி 1888இல் இலண்டனில் கைவினைஞர் கூட்டுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, 1902இல் அதனைச் சிப்பிங் காம்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றார். மரச்சாமானும் வெள்ளி வேலையும் செய்த அக்கழகம், பெருங்கடைகளின் மலிவான போலிகளோடு போட்டியிட இயலாது, சில ஆண்டுகளுக்குள் நொடித்தது. அவ்வூரின் அருகிலேயே குமாரசாமி குடியிருந்தார். மோரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே தம் 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலை 1908இல் அச்சிட்டார். மறு ஆண்டு வெளிவந்த 'இந்தியக் கைவினைஞன்' நூலுக்கு ஆஷ்பியே முன்னுரை வழங்கினார்.

குமாரசாமியின் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுவாகும். ஊர்த் தச்சன் கடைக்காரன் அல்லன், ஊரின் உறுப்பினன். அறுவடையில் அவனுக்குப் பங்குண்டு. ஆகவே ஏரும் வண்டியும் நன்கு செய்தல் அவன் விற்பனைத் தந்திரம் அன்று, அவன் கடமை. தந்தையே ஆசானாக, பட்டறையே பள்ளியாக, வேலையும் வாழ்வும் பிரியாதிருந்தமையால்தான் அவன் அணியில் பொய்ம்மை இல்லை. கண்காட்சியில் பரிசளித்தும், அருங்காட்சியகத்தில் அடுக்கியும் இதனை மீட்க இயலாது. சாதிக்கட்டின் இறுக்கத்தை இன்று நாம் ஏற்பதற்கில்லை. தச்சன் மகன் தச்சனாகவே வேண்டும் என்னும் நியதி தகர்ந்தது நன்றே. ஆயினும் தொழிலுக்கு உறுதியான வாழ்வும் மதிப்பும் வேண்டும் என்னும் அவர்தம் கருத்தின் கரு இன்றும் வாடவில்லை.

விடுதலைக்குப் பின்

புதுதில்லி எழுந்தபோது வைசிராய் மாளிகையின் கட்டடத்தை மட்டுமன்றி அதன் மரச்சாமான்கள் பலவற்றையும் லட்யன்ஸ் வரைந்து தந்தார். இந்தியத் தச்சர் அவற்றைச் செய்தனர். வரைபவன் ஒருவன், செய்பவன் பிறன் என்னும் பிரிவு அங்கே முழுமை பெற்றது. 1931இல் திறக்கப்பெற்ற அம்மாளிகையே பின்னர்க் குடியரசுத் தலைவர் இல்லமாயிற்று.

விடுதலைக்குப் பின், கைவினைகளின் காவலராகத் தோன்றியவர் கமலாதேவி சட்டோபாத்யாயர். நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்தோர்க்கு வாழ்வளிக்க அவர் தொடங்கிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியமே, தில்லியின் மத்தியக் குடிசைத் தொழிற் பண்டகசாலையை 1952 முதல் நடத்தியது. அவ்வாண்டே அமைந்த அனைத்திந்தியக் கைவினை வாரியத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. 1956இல் வாரியம் நிறுவிய கைவினை அருங்காட்சியகம், சார்லசு கொரியாவின் கட்டட அமைப்பில், பிரகதி மைதானத்தருகே இன்றும் நிலைத்து நிற்கின்றது. குசராத்தி வீட்டு முகப்பின் செதுக்கு வேலையையும், துளுநாட்டுப் பூதங்களின் மாபெரும் மர உருவங்களையும் அங்குக் காணலாம். வாரியமோ 2020 ஆகத்தில் கலைக்கப்பட்டது.

1958இல் அரசின் அழைப்பை ஏற்று வந்த அமெரிக்க இருக்கை வடிவமைப்பாளர் சார்லசு ஈம்சும் ரே ஈம்சும், நாடு முழுதும் சுற்றி அறிக்கை அளித்தனர். அரியணைகளையும் செதுக்குத் திரைகளையும் விடுத்து, அவர்கள் முதன்மையாகப் புகழ்ந்தது சாதாரணச் செம்பை. பல தலைமுறைகளின் கைகள் பிடித்துப் பிடித்தே அதன் வடிவத்தைச் செம்மை செய்தன என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. நெடுநல்வாடைக் கட்டிற்காலின் குடத்தை அறிந்த நமக்கு அவர்கள் கூற்று புதிதன்று.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

சமுதாயமே கைவினையைத் தாங்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். பென்சில்வேனியா, ஒகையோ, இந்தியானா மாநிலங்களில் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். 1693இல் யாக்கோபு அம்மான் என்பாரின் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சேசுப் பகுதிகளில் பிரிந்த இவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்தனர். எளிய உடை, குதிரை வண்டி, பொது மின்கம்பியோடு இணைப்பில்லாத வீடு ஆகியவை அவர்தம் அடையாளங்கள். மக்கள்தொகை பெருகி விளைநிலம் அரிதானபோது, பலர் மரப்பட்டறைகளுக்குத் திரும்பினர். ஓக்கு, செர்ரி, மேப்பிள் மரங்களில் அவர்கள் செய்யும் மேசைகளும் ஆடு நாற்காலிகளும் அமெரிக்கா எங்கும் விரும்பி வாங்கப்படுகின்றன.

அவர்கள் இயந்திரத்தை முற்றும் விலக்கியோர் அல்லர். பல பட்டறைகளில் டீசல் பொறியால் காற்றை அழுத்தி, அவ்விசையால் வாளையும் துளைகருவியையும் இயக்குகின்றனர். விற்கும் பாணிகளிற் பலவும் பிறரிடமிருந்து பெற்றவையே. நேர்கோடுகளால் அமைந்த மிஷன் பாணியும், மெலிந்த கால்களையுடைய சேக்கர் பாணியும் அவர்தம் சொந்த ஆக்கங்கள் அல்ல. வெளியார்க்குச் செய்வனவற்றில் அணி சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் அவர்தம் தொழில் நிலைத்த காரணம் யாது? எந்தக் கருவியை ஏற்பது, எதனை மறுப்பது என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை. அவர்தம் சபை முடிவு செய்கின்றது. பட்டறை வீட்டருகே உள்ளது. பிள்ளைகள் கண்டு கற்கின்றனர். உறுதியான மரமும் ஒழுங்கான பொருத்தும் உடைய அத்தகைய மேசையிலேயே அவர்களும் உண்கின்றனர். குமாரசாமி ஊர்த் தச்சனிடம் கண்ட ஒருமையின் சாயலை இங்குக் காண்கிறோம்.

நம் கடன்

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். பர்மியத் தேக்கால் எழுந்த செட்டிநாட்டு மாளிகைகள், இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய பின் தம் செல்வ ஊற்றை இழந்தன. பராமரிக்க இயலாத வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து பெருநகர்களின் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் சென்றன. கதவு மேசையாகிறது, போதிகை சுவரில் தொங்குகிறது. அழிவதினும் இது மேலன்றோ எனலாம். ஆம், ஆயினும் பழைய கதவை வாங்குவது தச்சனை வாழவைப்பது ஆகாது. அதனைச் செய்தவன் என்றோ மறைந்தான்; அவன் பெயரனுக்கு அதனால் ஒரு நாட்கூலியும் இல்லை.

அப்பெயரர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. போலிகளிலிருந்து பெயரைக் காக்கும் சட்ட வேலி அது. வேலி பயிரைக் காக்கும், நீர் பாய்ச்சாது. மரத்தின் தட்டுப்பாடும் ஒருபுறம் நெருக்குகின்றது. தோதகத்தியும் சீசமும் அடங்கிய மரப்பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காட்டைக் காக்க அது வேண்டியதே; எனினும் ஏற்றுமதியை நம்பிய சகாரன்பூர்த் தச்சர்க்கு அது ஒரு சுமையாயிற்று.

தில்லி கீர்த்தி நகரின் மரச்சாமான் கடைகளில் நாம் ஒவ்வொருவரும் என்றேனும் நுழைந்திருப்போம். பலகைத் தூளை அழுத்திச் செய்த பளபளப்பான பேழையின் விலையையும், திண்ணிய மரத்தில் நாக்கும் துளையுமாகப் பொருத்திச் செய்த பேழையின் விலையையும் ஒப்பிட்டிருப்போம். வாடகை வீட்டில் வாழ்வோர்க்கும் இடமாற்றத்துக்கு உரியோர்க்கும் முன்னதே எளிது. அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் வீட்டுக்கு ஒரு பொருளேனும், அது மணையாயினும் முக்காலியாயினும் ஊஞ்சற் பலகையாயினும், வாழும் தச்சன் ஒருவனிடம் சொல்லிச் செய்வித்தல் நம்மால் இயலாததன்று. அவன் கேட்கும் நாளை அவனுக்குக் கொடுப்போம். பேரத்தில் குறைக்கும் தொகை அவன் மகனைத் தொழிலை விட்டுத் துரத்தும் தொகை என்பதை நினைவிற் கொள்வோம். வேலை முடிந்தபின் அவன் பெயரைப் பலகையின் அடியில் பொறிக்கச் சொல்வோம்.

அரண்மனைகளை நோக்கிப் பேசினார் கர்சன், அரண்மனைகள் மறைந்தன. இன்று புரவலர் பதவி நடுத்தர இல்லங்களிடம் வந்துள்ளது. அதியமானின் தேர்க்காலைத் திங்கள் முழுதும் செய்த தச்சனின் பெயரை ஔவையார் குறிக்கவில்லை. ஆனால் அவன் செலவிட்ட காலத்தைக் குறித்தார். அக்காலத்தை மதிக்கும் உள்ளம் நம்மிடம் உள்ளவரை, உளி துருப்பிடியாது.